மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காராதவன்: நார்டிக் விலைவாசியும் ‘சோஷலிச’மும்

நார்வே தலைநகர் ஓஸ்லோவில் நான் தங்கியிருந்த வீட்டில் அண்ணனுக்கு முடி வெட்டுவது அண்ணிதான். ஞாயிற்றுக்கிழமை காலை, குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அண்ணன் கழுத்தைச் சுற்றிப் பழைய பெட்ஷீட், அண்ணி கையில் டிரிம்மர். முப்பது வருஷமாக இப்படித்தானாம். கடையில் வெட்டினால் 500 குரோனருக்கு மேல் ஆகும். ஒரு குரோனரை எட்டு ரூபாய் என்று வைத்தால் நாலாயிரம் ரூபாய். நான் வாயைப் பிளந்ததைப் பார்த்து அண்ணன் சிரித்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளின் கடைசியில் படிக்க வந்து அங்கேயே குடும்பமாகிவிட்டவர்.

ஊர் திரும்பியதும் இரண்டு விதமான ஆட்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர், “அது சோஷலிச நாடாச்சே, எல்லாம் இலவசமாமே?” என்றார். இன்னொருவர், “சோஷலிசம்னா அப்படித்தான் சார், வரி போட்டே கொல்லுவான், அதான் காபி நானூறு ரூபாய்” என்றார். சண்டை போடுகிற இரண்டு பேருக்கும் ஒரே சொல்தான் ஆயுதம். அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் இரண்டு பேர் சொல்வதும் நிற்காது.

நார்டிக் நாடுகள் என்று சொன்னால் டென்மார்க், நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து. நான் போனது முதல் மூன்றுக்கு.

யார் வீட்டுக் கடை?

உங்கள் தெருமுனை ஓட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஊருக்கே பொதுச் சொத்தாக இருந்து, என்ன சமைப்பது, என்ன விலை வைப்பது என்பதை ஊரே முடிவு செய்தால் அது சோஷலிசத்தின் பக்கம். ஆலை, நிலம், சுரங்கம், வங்கி போன்றவை தனியார் கையில் இல்லாமல் அரசின் கையில் அல்லது சமூகத்தின் கையில் இருப்பதற்குத்தான் சோஷலிசம் என்று பெயர். அதாவது கேள்வி ‘யாருக்குச் சொந்தம்’ என்பது. ‘எவ்வளவு வரி’ என்பது வேறு கேள்வி.

இப்போது அதே ஓட்டல் ஒரு முதலாளிக்குச் சொந்தம். லாபமும் அவருடையது, நஷ்டமும் அவருடையது. ஆனால் சமையல்காரரும் சர்வரும் சங்கமாக வந்து உட்கார்ந்து சம்பளம் பேசித்தான் அடுப்பு எரியும். ஒவ்வொரு பில்லிலிருந்தும் ஒரு பங்கு ஊர்ப் பொதுப் பெட்டிக்குப் போகும். அந்தப் பெட்டியிலிருந்து ஊர்ப் பிள்ளைகளின் படிப்பும் வைத்தியமும் நடக்கும். சந்தையைச் சந்தையாகவே விட்டுவிட்டு, அது ஈட்டுவதை வரி மூலமும் சங்கங்கள் மூலமும் பங்கிடுகிற இந்த ஏற்பாட்டுக்குச் சமூக ஜனநாயகம் என்று பெயர். நார்டிக் நாடுகளில் இருப்பது இதுதான்.

ஐக்கியா, லெகோ, மெர்ஸ்க், ஸ்பாட்டிஃபை, ஹெச் அண்ட் எம் எல்லாம் அந்த மண்ணில் முளைத்த தனியார் நிறுவனங்கள். ஸ்வீடனில் கம்பெனி லாபத்துக்கு வரி 20.6 சதவீதம், டென்மார்க்கிலும் நார்வேயிலும் 22. ஸ்வீடன் வாரிசுச் சொத்து வரியை 2004இல் தூக்கிவிட்டது, செல்வ வரியை 2007இல். சம்பளத்தில் ஏற்றத்தாழ்வு குறைவான அந்த நாட்டில் சொத்தில் ஏற்றத்தாழ்வு நிறையவே உண்டு. 2015இல் டென்மார்க்கின் அன்றைய பிரதமர் லார்ஸ் லோக்க ராஸ்முசன் அமெரிக்காவில் ஹார்வர்டுக்குப் போய், எங்கள் நாடு சோஷலிசத் திட்டமிட்ட பொருளாதாரம் அல்ல, சந்தைப் பொருளாதாரம் என்று சொல்லிவிட்டு வந்தார். தன் நாட்டைப் பற்றி அமெரிக்க அரசியல்வாதிகள் பேசுவதைக் கேட்டு அவருக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது.

உண்மையான சோஷலிசத்தை யாருமே முயன்று பார்க்கவில்லையா? ஸ்வீடனில் பார்த்தார்கள். பெரிய கம்பெனிகளின் லாபத்தில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் பங்குகளாக மாற்றித் தொழிலாளர் நிதியில் சேர்ப்பது, காலப்போக்கில் கம்பெனிகளே தொழிலாளர் கைக்கு வந்துவிடும் என்பது திட்டம். ருடால்ஃப் மெய்ட்னர் என்ற தொழிற்சங்கப் பொருளாதார அறிஞர் வகுத்தது. 1976இல் தொழிற்சங்கக் கூட்டமைப்பு அதை ஏற்றது. நிறையத் தண்ணீர் கலந்து 1984இல் நடைமுறைக்கு வந்தது. 1991இல் ஆட்சி மாறியதும் மூட்டை கட்டிவிட்டார்கள். சோஷலிசத்துக்கு அவர்கள் மிக அருகில் போனது அந்த ஏழெட்டு வருஷம்தான்.

ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். ‘யாருக்குச் சொந்தம்’ என்று கேட்டால் ஐந்தில் நார்வே கொஞ்சம் தடுமாறும். எண்ணெய் நிறுவனமான ஈக்வினாரில் 67 சதவீதம் அரசுடையது, தொலைபேசி நிறுவனமான டெலிநாரில் பாதிக்கு மேல். எண்ணெய்ப் பணத்தை 1996 முதல் போட்டுவரும் அரசு நிதி, உலகப் பங்குச் சந்தைகளில் பட்டியலான கம்பெனிகளில் சராசரியாக 1.5 சதவீதம் அளவுக்குச் சொந்தமாக வைத்திருக்கிறது. அரசு முதலாளியாகி உலகச் சந்தையில் பங்கு வாங்கினால் அதைச் சோஷலிசம் என்பதா, முதலாளித்துவம் என்பதா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இதுவரை சொன்னதன் சாரம்: கடை தனியாருடையது, சம்பளம் சங்கத்தோடு பேசி வைப்பது, பெட்டி பொது. இனி விலைக்கு வருவோம்.

நாலாயிரம் ரூபாய் முடிவெட்டு

ஓஸ்லோ முடிதிருத்துபவர் கையில் இருப்பது சென்னையில் இருக்கும் அதே கத்திரிதான். வேலையும் அதே இருபது நிமிஷம். விலை மட்டும் இருபது மடங்கு ஏன்?

அவரை அந்த நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தி வைக்க ஆகும் செலவு அது. அவர் கத்திரியை வைத்துவிட்டுப் பஸ் ஓட்டப் போகலாம், மீன் ஆலைக்குப் போகலாம், எண்ணெய்க் கப்பலில் சமைக்கப் போகலாம். அங்கெல்லாம் கூலி உயரும்போது, கத்திரி பிடிக்கிறவருக்கும் கிட்டத்தட்ட அதே அளவு கொடுத்தால்தான் ஆள் கிடைக்கும். டிவியும் ஃபோனும் ஓஸ்லோவில் சென்னை விலையைவிட அப்படியொன்றும் அதிகமில்லை. அவை எங்கோ ஆலையில் செய்து கப்பலில் வருபவை. மனிதக் கை படுகிற எதுவும்தான் எகிறுகிறது: முடிவெட்டு, ஓட்டல் சாப்பாடு, டாக்ஸி, குழாய் ரிப்பேர். ஐக்கியா அலமாரியை நாமே முடுக்கிக்கொள்ள வேண்டியிருப்பது ஸ்வீடனில் பிறந்த யோசனை என்பதில் ஆச்சரியமே இல்லை. அண்ணன் வேலைக்கு எடுத்துப் போவதும் வீட்டிலிருந்து ரொட்டியும் பழுப்புச் சீஸும்தான். அந்தப் பொட்டலத்துக்கு அவர்கள் மொழியில் ‘மாட்பாக்கே’ என்று பெயர். பெரிய அதிகாரி முதல் பள்ளிப்பிள்ளை வரை தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

கூலி உயர்ந்திருப்பதில் சங்கத்துக்கும் பங்கு உண்டு. இங்கே ஒரு வேடிக்கை. ஐந்து நாடுகளில் ஒன்றில்கூட நாடு முழுவதற்குமான குறைந்தபட்ச ஊதியச் சட்டம் கிடையாது. தொழில்வாரியாகச் சங்கமும் முதலாளிகள் அமைப்பும் உட்கார்ந்து பேசிப் போடும் கூட்டு ஒப்பந்தம்தான் சம்பளத்தை முடிவு செய்கிறது. அரசு பெரும்பாலும் ஒதுங்கி நிற்கும். ஸ்வீடனில் வேலை செய்பவர்களில் மூன்றில் இரண்டு பேர் சங்கத்தில் இருக்கிறார்கள். டெஸ்லா அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்ததால் 2023 அக்டோபரில் மெக்கானிக்குகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அவர்களுக்கு ஆதரவாகத் துறைமுகத் தொழிலாளர்கள் டெஸ்லா கார்களை இறக்க மாட்டோம் என்றார்கள், தபால்காரர்கள் நம்பர் பிளேட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டோம் என்றார்கள். எந்தச் சட்டமும் செய்யாததை அந்தத் தபால்காரர் செய்கிறார்.

நார்வேயில் துப்புரவு போன்ற சில தொழில்களுக்கு மட்டும், ஒப்பந்தத்தில் பேசிய கூலியை எல்லாருக்கும் கட்டாயம் ஆக்கியிருக்கிறார்கள். துப்புரவுப் பணிக்கு அது மணிக்கு 200 குரோனரைத் தாண்டும். கடையில் காபி 50 குரோனர். அதாவது தரை துடைக்கிற ஒருவர் கால் மணி நேர வேலையில் (வரிக்கு முன்) ஒரு காபி குடிக்கலாம். நாம் ரூபாயில் பெருக்கிப் பெருக்கி நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறோம், அவர் நிமிஷத்தில் கணக்குப் போடுகிறார். ஒருவர் சம்பாதிக்கிற பணம் அந்த ஊரில் எவ்வளவு பொருளை வாங்கும் என்பதற்கு வாங்கும் திறன் என்று பெயர். விலைவாசி பேசும்போது பார்க்க வேண்டியது அதைத்தான்.

சரி, வரி? அதுவும் விலையில் இருக்கிறது. பொருளையும் சேவையையும் விற்கும்போது விலையோடு சேர்த்து வாங்கும் மதிப்புக் கூட்டு வரி, நம்மூர் ஜிஎஸ்டியின் அண்ணன், நான் போன மூன்று நாடுகளிலும் பொதுவாக 25 சதவீதம். பின்லாந்தில் 2024 செப்டம்பர் முதல் 25.5. ஆனால் விலை உயர்வுக்கு வரிதான் முழுக் காரணம் என்றால் ஸ்விட்சர்லாந்தை என்ன செய்வது? அங்கே இந்த வரி 8.1 சதவீதம்தான். சோஷலிச நாடு என்று யாரும் அதைத் திட்டியதில்லை. விலையோ டென்மார்க்கையும் தாண்டி நிற்கிறது.

இன்னொரு சாட்சி எல்லையில் கிடைக்கும். வார இறுதியில் ஓஸ்லோக்காரர்கள் காரை எடுத்துக்கொண்டு ஸ்வினசுண்ட் பாலத்தைத் தாண்டி ஸ்வீடனுக்குள் போய் இறைச்சியும் பேக்கனும் மிட்டாயும் டிக்கி நிறைய வாங்கி வருகிறார்கள். நார்வே தன் விவசாயிகளைக் காப்பாற்ற வெளிநாட்டுச் சீஸ் சில வகைகளுக்கு 277 சதவீதம் சுங்கம் வைக்கிற நாடு, உணவு விலை எகிறத்தான் செய்யும். டேனிஷ்காரர்கள் பீருக்கு ஜெர்மனிக்கு ஓடுகிறார்கள். பின்லாந்துக்காரர்கள் அதே வேலையாகக் கப்பலேறி எஸ்டோனியத் தலைநகர் டாலினுக்குப் போகிறார்கள். மாமா வீட்டில் சரக்கு மலிவு என்று கிளம்புகிற மாதிரி ஒரு தொடர் ஓட்டம். ‘சோஷலிச’த்திலிருந்து தப்பி ‘சோஷலிச’த்துக்கே ஏன் ஓட வேண்டும் என்று யாராவது கேட்டால், நார்வே அண்ணன் காட்டுவது பேக்கன் பாக்கெட்டைத்தான்.

ஆக, விலையில் மூன்று சங்கதி கலந்திருக்கிறது. பெரியது மனிதக் கூலி, அடுத்தது வரி, அப்புறம் சுங்கம், மது வரி மாதிரி நாட்டுக்கு நாடு மாறும் தனிக் காரணங்கள்.

மொய் நோட்டு

புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து நடக்கும். அந்த வட்டாரத்து வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: ஒரு குடும்பம் சில வருஷங்களுக்கு ஒரு முறை விருந்து வைக்கும், ஊர் வந்து சாப்பிட்டுவிட்டு மொய் எழுதும். அந்தப் பணத்தில் கிணறு வெட்டுவார்கள், தொழில் தொடங்குவார்கள். பிறகு ஒவ்வொருவர் முறையிலும் திருப்பிச் செய்வார்கள். முடிகிற காலத்தில் கொடுக்கிறோம், தேவைப்படுகிற காலத்தில் வாங்குகிறோம்.

மக்கள் நல அரசு என்பதை இப்படிப் புரிந்துகொள்வது எனக்கு உதவியது. பிறப்பு, படிப்பு, நோய், வேலையிழப்பு, முதுமை ஆகியவற்றின் செலவை வரிப்பணத்திலிருந்து ஏற்கும் அரசுக்கு அந்தப் பெயர். பணக்காரனிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுப்பது அதில் ஒரு பகுதிதான். பெரும்பகுதி, ஒருவர் நாற்பது வயதில் கொடுத்ததை அவரே ஐந்து வயதிலும் எழுபது வயதிலும் வாங்குவது. அண்ணன் இதை ஒரே வரியில் சொன்னார்: “உழைக்கேக்க குடுக்கிறம் தம்பி, வருத்தம் வந்தா அவை பாப்பினம்.” யாழ்ப்பாணத்தில் வருத்தம் என்றால் நோய். எனக்கு அது புரியவே ஒரு நிமிஷம் ஆயிற்று.

அவருக்கு முழங்கால் அறுவை நடந்தது. படுத்திருந்ததற்கும் அறுத்ததற்கும் ஆஸ்பத்திரி பில் இல்லை. நார்வேயில் நோய் விடுப்பில் இருப்பவருக்கு முதல் நாளிலிருந்து ஒரு வருஷம் வரை சம்பளம் முழுதாக வரும், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு. ஸ்வீடனில் ஒரு குழந்தை பிறந்தால் அப்பா அம்மா இருவருக்குமாகச் சேர்த்து 480 நாள் விடுப்பு. அதில் 90 நாள் அப்பாவுக்கே, எடுக்காவிட்டால் போச்சு. ஸ்டாக்ஹோம் பூங்காவில் பகல் பதினொரு மணிக்குத் தள்ளுவண்டியோடு அப்பாமார் கூட்டமாக நிற்பதைப் பார்த்து, இவர்களுக்கெல்லாம் வேலை போய்விட்டதோ என்று நினைத்துவிட்டேன். பின்லாந்தில் 1948 முதல் எல்லாப் பள்ளிப்பிள்ளைக்கும் மதிய உணவு இலவசம். டென்மார்க்கில் கல்லூரி மாணவருக்குக் கட்டணம் இல்லை என்பதோடு மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு.

முக்கியமான நுணுக்கம்: இவற்றில் பலவும் பணக்காரருக்கும் உண்டு. ஸ்வீடனில் பிள்ளைக்கு மாதம் 1,250 குரோனா (ஸ்வீடன் பணம்) உதவித்தொகை, அப்பா கம்பெனி முதலாளியானாலும் வரும். இதற்கு அனைவருக்குமான திட்டம் என்று பெயர். தமிழ்நாட்டு ரேஷனில் வறுமைக்கோட்டைப் பார்க்காமல் எல்லாருக்கும் அரிசி அட்டை கொடுப்பதும் இதே தர்க்கம்தான். வசதியானவர் வீட்டுப் பிள்ளையும் அதே பள்ளியில் உட்கார்ந்தால், பள்ளிக் கூரை ஒழுகும்போது கத்துவதற்கு ஆள் இருக்கும்.

சுற்றுலாப் பயணியின் கண்ணுக்கு ஏன் எல்லாமே கொள்ளையாகத் தெரிகிறது என்பதும் இங்கே விளங்கும். நான் ஓஸ்லோவில் உட்கார்ந்து குடித்த 50 குரோனர் காபியில் 10 குரோனர் வரி. அது யாரோ ஒரு பாட்டியின் பராமரிப்புக்குப் போயிற்று, நல்லது. ஆனால் எனக்கு அங்கே பிள்ளை படிக்கவில்லை, முழங்கால் அறுக்கவில்லை, பென்ஷன் வரப்போவதில்லை. மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காராமல் விமானம் ஏறியவன் நான்.

பணக்காரர் மட்டும் கட்டவில்லை

அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இதுதான். ‘பணக்காரனுக்கு வரி போட்டு நார்டிக் மாதிரி ஆக்கிவிடலாம்’ என்று மேடையில் பேசுகிறவர்கள் ஸ்வீடன் சம்பளச் சீட்டை ஒருமுறை பார்க்க வேண்டும். நகராட்சியும் வட்டாரமும் வாங்கும் வரியே சராசரியாக 32 சதவீதம், அதைச் செவிலியரும் கட்டுகிறார், சமையல்காரரும் கட்டுகிறார். அதிகம் சம்பாதிப்பவருக்கு அதற்கு மேல் இன்னொரு 20. டென்மார்க்கில் சம்பளத்திலிருந்து முதலில் 8 சதவீதம் எடுத்துவிட்டுத்தான் மற்ற வரிக் கணக்கே தொடங்கும். அங்கே ரொட்டிக்கும் 25 சதவீதம், தங்க மோதிரத்துக்கும் அதே 25. புதுக் கார் வாங்கினால் விலையில் ஒரு வரம்பைத் தாண்டும் பகுதிக்கு 150 சதவீதம் பதிவு வரி, அதனால்தான் கோபன்ஹேகனில் அவ்வளவு சைக்கிள் என்று அண்ணன் சொல்வார். (தட்டையான ஊர் என்பதும் காரணம், ஆனால் இந்தக் காரணம் அவருக்குப் பிடித்திருக்கிறது.) டென்மார்க், ஸ்வீடன், நார்வே மூன்றிலும் நாட்டின் மொத்த உற்பத்தியில் வரி 40 சதவீதத்துக்கு மேல். வளர்ந்த நாடுகளின் சராசரி சுமார் 34.

வரியும் எல்லை தாண்டியது உண்டு. 1976இல் ஸ்வீடனின் சிறுவர் எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென், தன் கூடுதல் வருமானத்துக்கு வரி 102 சதவீதம் வருகிறது என்று கணக்குப் போட்டு நாளிதழில் கிண்டலாக ஒரு கதை எழுதினார். நிதியமைச்சர் அவருக்குக் கணக்குத் தெரியவில்லை என்றார், கடைசியில் லிண்ட்கிரென் கணக்குத்தான் சரி. 44 வருஷம் ஆட்சியில் இருந்த சமூக ஜனநாயகக் கட்சி அந்த வருஷத் தேர்தலில் தோற்றது. காரணம் அந்தக் கதை மட்டும் அல்ல, ஆனாலும் அதன் பங்கை யாரும் மறுப்பதில்லை. 1991இல் வரி விகிதங்களைப் பெரிய அளவில் குறைத்தார்கள்.

இவ்வளவு வரியை மக்கள் ஏன் பொறுத்துக்கொள்கிறார்கள்? வாங்குவது கண்ணில் தெரிகிறது என்பது ஒன்று. அடுத்தவனும் கட்டுகிறான் என்பது தெரிவது இன்னொன்று. பின்லாந்தில் ஆண்டுதோறும் நவம்பர் தொடக்கத்தில் வரிக் கணக்குகள் வெளியாகும், பத்திரிகைகள் யார் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்று பட்டியல் போடும். அந்த நாளுக்கு மக்கள் வைத்த பெயர் ‘பொறாமை நாள்’. மொய் விருந்தில் ஒலிபெருக்கியில் பெயரும் தொகையும் வாசிப்பதை நினைத்துக்கொண்டேன்.

நஷ்டமாகும் கம்பெனியை அரசு தாங்கிப் பிடிக்கும் என்ற எண்ணமும் தப்பு. சாப் கார் கம்பெனி தள்ளாடியபோது ஸ்வீடன் அரசு அதை வாங்கிக்கொள்ள மறுத்தது, 2011இல் திவாலானது. வேலை போனவருக்குப் பணமும் மறுபயிற்சியும் உண்டு, வேலை கொடுத்த கம்பெனிக்கு இல்லை. டென்மார்க்கில் ஆளை வேலையை விட்டு அனுப்புவது பல ஐரோப்பிய நாடுகளைவிடச் சுலபம்.

பந்தியிலும் வரிசை உண்டு

இலவசம் என்பதற்கு இன்னொரு விலை காத்திருப்பு. அண்ணன் அந்த முழங்காலுக்கு எட்டு மாதம் வரிசையில் இருந்தார், அதுவரை படியேறும்போதெல்லாம் முனகல். ஸ்டாக்ஹோமில் வாடகையைக் கட்டுப்படுத்தி வைத்திருப்பதால் நேரடி வாடகை வீட்டுக்கு வருஷக்கணக்கில் வரிசை. பதினெட்டு வயதானதும் பெயரைப் பதிந்துவிடுகிறார்கள், கல்யாணத்துக்குள் கிடைத்தால் அதிர்ஷ்டம். புதிதாக வருகிறவர், ஏற்கெனவே வாடகைக்கு இருப்பவரிடமிருந்து கைமாற்றாக, அதிகம் கொடுத்துத் தங்க வேண்டும்.

பெரியவர்களுக்குப் பல் வைத்தியம் பெரும்பாலும் கைக்காசுதான். அண்ணனுக்கு வேர் சிகிச்சை யாழ்ப்பாணத்தில், விடுமுறைக்குப் போனபோது.

படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இலவசக் கல்லூரி என்பது இப்போது ஐரோப்பியருக்குத்தான். டென்மார்க் 2006 முதல், ஸ்வீடன் 2011 முதல், பின்லாந்து 2017 முதல், கடைசியாக நார்வே 2023 முதல் இந்தியா, இலங்கை போன்ற நாடுகளிலிருந்து வரும் மாணவர்களிடம் கட்டணம் வாங்குகின்றன. அண்ணன் வந்த கதவு மூடிவிட்டது.

கிளம்புவதற்கு முந்தின நாள் என் தலையும் அண்ணியிடம் மாட்டியது. அதே ஸ்டூல், அதே பெட்ஷீட். பின்பக்கம் ஒரு இடத்தில் கொஞ்சம் ஏறிவிட்டது, “வளர்ந்திடும்” என்றார். சென்னையில் வழக்கமான கடையில் உட்கார்ந்ததும் கடைக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், தலையைத் திருப்பிப் பார்த்தார். “யார் சார் வெட்டினது?” சரி பண்ண 150 ரூபாய்.